வீட்டுப் பின்கட்டிலும் மலைப்பாதையிலும் கருங்கரடி: நியூ ஜெர்சிக்குப் புதிதாக வந்த குடும்பத்துக்கு ஒரு பதில்

நியூ ஜெர்சியின் வடமேற்கில், சசெக்ஸ் கவுன்டியில், சென்ற ஆண்டு வீடு வாங்கிக் குடிவந்ததாகவும், ஜூன் மாதக் காலை ஒன்றில் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துக் கிளறிக்கொண்டிருந்த கரடியைச் சமையலறைச் சன்னல் வழியே கண்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்த ஊரில் இருக்கலாமா, அக்டோபரில் சன்ரைஸ் மலைக்குப் போக இருந்ததைக் கைவிட வேண்டுமா, கரடி எதிரே வந்தால் மரத்தில் ஏறுவதா அல்லது செத்தவர் போலப் படுத்துக்கொள்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கவுன்டியில் பதினேழு ஆண்டுகளாகக் குடியிருப்பவன், நடைபாதைகளைச் செப்பனிடும் தன்னார்வலர்களோடு காட்டில் பல சனிக்கிழமைகளைக் கழித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதில்தான் உயிர் இருக்கிறது. நாம் எல்லோரும் சிறு வயதில் படித்த இரு நண்பர்கள் கதையில் ஒருவன் மரத்தில் ஏறிக்கொள்கிறான், மற்றவன் மூச்சை அடக்கித் தரையில் கிடக்கிறான், கரடி அவன் காதருகே முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது. நட்பைப் பற்றிய பாடமாக அந்தக் கதை நல்ல கதைதான். ஆனால் அமெரிக்கக் கருங்கரடியின் முன் அந்த இருவர் செய்ததுமே தவறு. கருங்கரடி பிறந்த சில மாதங்களிலேயே மரமேறக் கற்றுக்கொள்ளும் விலங்கு. அச்சம் வந்தால் அது முதலில் நாடுவதே மரத்தைத்தான். நீங்கள் பத்தடி ஏறுவதற்குள் அது முப்பதடி ஏறியிருக்கும். செத்தவர் போலக் கிடப்பது, மேற்கு மாநிலங்களிலும் கனடாவிலும் அலாஸ்காவிலும் வாழும் கிரிஸ்லி என்ற பழுப்புக் கரடி தற்காப்புக்காகத் தாக்கும்போது மட்டும் சொல்லப்படும் அறிவுரை. கிழக்குக் கரையில் கிரிஸ்லி கிடையாது. இங்கே நம்மை உண்மையாகவே தாக்க வரும் கருங்கரடியின் முன் படுத்துக்கொள்வது அதற்கு நம்மை ஒப்படைப்பதாகும். கையில் கிடைத்த கல், தடி, முதுகுப்பை எதுவானாலும் அதைக்கொண்டு, முகத்தையும் மூக்கையும் குறிவைத்து, முழு வலுவோடு எதிர்த்துப் போராட வேண்டும் என்பதே வனவிலங்குத் துறையினர் ஒருமித்துச் சொல்வது. அந்த நிலை வராமல் தடுப்பது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது என்பதைத்தான் இனி எழுதப் போகிறேன்.

நீலகிரியிலோ கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களின் பக்கத்திலோ வளர்ந்தவர்கள் கரடி என்றதும் நடுங்குவதற்குக் காரணம் உண்டு. நம் ஊர்க் கரடி வேறு இனம். புலியோடும் சிறுத்தையோடும் ஒரே காட்டில் வாழ்ந்து வந்ததால், திடுக்கிட்டால் ஓடாமல் நேரே பாய்ந்து முகத்தைக் கிழிக்கும் இயல்பு அதற்கு வந்தது என்று உயிரியலாளர்கள் விளக்குகிறார்கள். கருங்கரடியோ, தன்னைவிடப் பெரிய வேட்டை விலங்குகள் இருந்த காடுகளில், மரத்தில் ஏறித் தப்பித்தே பிழைத்து வந்த இனம். இங்குள்ள முழு வளர்ச்சியடைந்த ஆண் கரடி சுமார் 400 பவுண்டு, அதாவது 180 கிலோ எடை இருக்கும். பெண் கரடி அதில் பாதிக்கும் குறைவு. மணிக்கு 30 மைல் வேகத்தில் ஓடக்கூடியது. அத்தனை வலுவிருந்தும் மனிதரைக் கண்டால் பெரும்பாலும் விலகிப் போவதையே அது விரும்புகிறது. ஊரில் பழகிய அச்சத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் ஓடத் தோன்றும். ஓடுவதோ இங்கே செய்யக் கூடாதவற்றில் முதலாவது.

இந்த மாநிலத்தில் கரடி எப்படி வீட்டு வாசல் வரை வந்தது என்பதையும் அறிந்திருப்பது நல்லது. காடுகள் பண்ணை நிலங்களாக அழிக்கப்பட்ட காலத்தில் இங்கே கரடிகள் ஏறக்குறைய மறைந்துவிட்டன. 1971-இல் மாநிலம் கரடி வேட்டையை நிறுத்தியபோது நூறு அளவில்தான் எஞ்சியிருந்தன. கைவிடப்பட்ட பண்ணைகள் மீண்டும் ஓக் காடுகளாயின, பென்சில்வேனியா, நியூ யார்க் பக்கங்களிலிருந்தும் கரடிகள் வந்தன. 2003-இல் வேட்டை மீண்டும் தொடங்கியது, பிறகு பலமுறை நிறுத்தப்பட்டும் தொடரப்பட்டும் வருகிறது. இன்று வடமேற்குப் பகுதியில் மட்டும் ஏறத்தாழ மூவாயிரம் கரடிகள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். மாநிலத்தின் 21 கவுன்டிகளிலும் கரடி கண்ணில் பட்டிருக்கிறது. அமெரிக்காவிலேயே மக்கள் நெருக்கம் மிகுந்த மாநிலம் இது. ஆகவே கரடியே இல்லாத தெருவைத் தேடி வீட்டை மாற்றுவதால் பயன் அதிகம் இல்லை.

அடுத்து, எந்தக் கரடிக்கு அஞ்ச வேண்டும் என்பது. குட்டிகளோடு இருக்கும் தாய்க் கரடிதான் ஆபத்து என்று எல்லோரும் நம்புகிறோம். ஸ்டீஃபன் ஹெரேரோ என்ற கனடிய ஆய்வாளர் தம் குழுவினரோடு 2011-இல் வெளியிட்ட ஆய்வு வேறு படத்தைக் காட்டுகிறது. 1900 முதல் 2009 வரையிலான 110 ஆண்டுகளில், வட அமெரிக்கா முழுவதிலும், காட்டுக் கருங்கரடிகளால் கொல்லப்பட்டவர்கள் 63 பேர். அவர்களில் 49 பேர் கனடாவிலும் அலாஸ்காவிலும் இறந்தவர்கள். அந்தத் தாக்குதல்களில் 88 விழுக்காடு இரை நோக்கில் நடந்தவை. இரை நோக்கில் தாக்கியவற்றில் 92 விழுக்காடு ஆண் கரடிகள். தாக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தனியாகவோ இருவராகவோ இருந்தவர்கள். தாய்க் கரடி குட்டியைக் காக்க மனிதரைக் கொன்றது மிக மிக அரிது. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: சத்தம் போடும் கரடியை விட, சத்தமே இல்லாமல் பின்தொடரும் கரடியைத்தான் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. உங்களை விலக்க விரும்பும் கரடி பெருமூச்சாகச் சீறும், தாடையை அடித்துப் பற்களைக் கடகடவென்று மோதும், முன்காலால் தரையை அறையும், சில வேளைகளில் நாலடி பாய்ந்து வந்து சட்டென்று நின்றுவிடும். காண்பவருக்குக் குலை நடுங்கும் காட்சிதான், ஆனால் அதன் பொருள் ‘நெருங்கிவிட்டாய், தள்ளிப் போ’ என்பது மட்டுமே. இரண்டு கால்களில் எழுந்து நிற்பது மிரட்டலே அன்று. மோப்பம் பிடிக்கவும் தெளிவாகப் பார்க்கவும் அப்படி நிற்கிறது. மாறாக, எந்த ஒலியும் இன்றி, தலையைத் தாழ்த்தி, உங்கள் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், நீங்கள் நின்றால் நின்று நடந்தால் நடந்து, தூரத்தைக் குறைத்துக்கொண்டே வரும் கரடியின் எண்ணம் வேறு. அதனிடம் பணிவாகப் பின்வாங்கிக்கொண்டே இருக்கக் கூடாது. கூடி நின்று, கையை உயர்த்தி உருவத்தைப் பெரிதாக்கி, கத்தி, கல்லெறிந்து, நீங்கள் எளிய இரை அல்லர் என்பதை அதற்குத் தெரிவிக்க வேண்டும்.

2014 செப்டம்பரில் இந்த மாநிலத்தின் வெஸ்ட் மில்ஃபோர்டில், அப்ஷாவா என்ற காப்புக் காட்டில் நடந்ததை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. நடைக்குச் சென்ற ஐந்து இளைஞர்களை, முன்னால் கரடி இருக்கிறது என்று எதிரே வந்தவர்கள் எச்சரித்தார்கள். அவர்கள் மேலே சென்றார்கள், கரடியைப் படமெடுத்தார்கள், அது அவர்களைப் பின்தொடரத் தொடங்கியது. அச்சத்தில் அவர்கள் ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். அவர்களில் ஒருவர், இந்திய வம்சாவளிக் கல்லூரி மாணவர், உயிரிழந்தார். கரடி சுமார் 300 பவுண்டு எடையுள்ள ஆண். இந்த மாநிலத்தில் கரடியால் நேர்ந்ததாகப் பதிவான முதல் மரணம் அது. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. அந்த வயதில் நானும் படமெடுத்திருப்பேன், ஓடியும் இருப்பேன், ஏனெனில் எனக்கு எவரும் சொல்லித் தந்ததில்லை. எச்சரிக்கை கிடைத்தவுடன் திரும்புவது, படத்துக்காக நிற்காமல் இருப்பது, கூட்டம் கலையாமல் இருப்பது ஆகிய மூன்றையும் நம் பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லித் தரலாம் என்பதற்காகவே எழுதுகிறேன்.

பாதையில் சாதாரணமாக நடப்பது இவ்வளவு கடுமையாக இராது. வளைவுகளிலும் நீரோடை இரைச்சலிலும் அடர்ந்த புதர்களுக்கு நடுவிலும் பேசிக்கொண்டே நடந்தால் போதும். குரல் கேட்ட கரடி நீங்கள் காண்பதற்கு முன்பே விலகியிருக்கும். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு நடப்பதும், பிள்ளைகளை முன்னால் ஓட விடுவதும்தான் கரடியைத் திடுக்கிட வைக்கும் வழிகள். எதிரே கண்டுவிட்டால் நில்லுங்கள். சிறியவனைத் தூக்கிக்கொண்டு, பெரியவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, அமைதியான குரலில் எதையாவது பேசியபடி, கண்ணோடு கண் முறைக்காமல், முதுகைக் காட்டாமல், மெல்லப் பின்வாங்குங்கள். கரடி போவதற்கு ஒரு வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். பாறைக்கும் உங்களுக்கும் இடையே அது அகப்பட்டுக்கொண்டால், போக நினைத்த கரடிக்கும் வேறு வழியிருக்காது. நாய் வளர்ப்பதாக இருந்தால் பாதையில் கயிற்றிலேயே வைத்திருங்கள். அவிழ்த்துவிட்ட நாய் கரடியைத் துரத்திக்கொண்டு போய், பிறகு கரடி துரத்த, அடைக்கலம் தேடி நேரே உங்களிடமே ஓடி வரும்.

கரடி ஸ்ப்ரே வாங்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். மிளகாயின் காரச் சத்தைப் புகைமூட்டம் போல இருபது முப்பது அடி தூரத்துக்குப் பீய்ச்சும் குப்பி அது. அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை அது பயன்பட்ட நிகழ்வுகளை ஆராய்ந்தபோது, கருங்கரடிகளிடம் பத்துக்கு ஒன்பது முறை பலன் தந்ததும், அதை வைத்திருந்தவர்களில் 98 விழுக்காட்டினர் காயமின்றித் தப்பியதும் தெரியவந்தது. ஆனால் நியூ ஜெர்சியின் சட்டம் தற்காப்பு ஸ்ப்ரேயை முக்கால் அவுன்சுக்கு மேல் வைத்துக்கொள்ள அனுமதிப்பதில்லை. கரடி ஸ்ப்ரே குப்பியோ ஏழெட்டு அவுன்சுக்குக் குறைந்து வருவதில்லை. ஆகவே வேறு மாநிலத்தில் வாங்கி வந்ததை இங்கே இடுப்பில் மாட்டிக்கொள்ளும் முன் காவல் நிலையத்திலோ பூங்கா அலுவலகத்திலோ கேட்டுத் தெளிவு பெறுங்கள். உரத்த விசிலும் சிறிய ஏர் ஹார்னும் எந்தத் தடையும் இன்றி வைத்துக்கொள்ளக் கூடியவை. என் பையில் இருப்பவை அவைதான்.

இனி வீடு. உண்மையைச் சொன்னால், உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது மலைப்பாதை அன்று, கவிழ்ந்த குப்பைத் தொட்டிதான். கருங்கரடியின் வாழ்க்கை முழுவதையும் வயிறே நடத்துகிறது. இலையுதிர் காலத்தில், குளிர்காலத் தூக்கத்துக்குக் கொழுப்புச் சேர்க்க, நாளொன்றுக்கு 20,000 கலோரி வரை தின்னும். அத்தனையையும் ஓக் கொட்டை ஓக் கொட்டையாகப் பொறுக்கிச் சேர்க்க நாள் முழுவதும் உழைக்க வேண்டும். பறவைகளுக்காக நாம் தொங்கவிடும் கூட்டில் ஏழு பவுண்டு சூரியகாந்தி விதை இருந்தால் அதிலேயே 12,000 கலோரி கிடைத்துவிடுகிறது. பல மைலுக்கு அப்பாலிருந்தே உணவை மோப்பம் பிடிக்கும் விலங்கு, ஒருமுறை கண்ட இடத்தை மறப்பதும் இல்லை, தாய் கண்டால் குட்டிகளுக்கும் காட்டித் தருகிறது. ஆகவே உங்கள் தொட்டியைத் தேடி அந்தக் கரடி மீண்டும் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது மூன்று நான்கு முறை வந்து வெறுங்கையோடு திரும்பினால்தான் வழக்கம் முறியும்.

குப்பையை முந்தின இரவே தெருவில் வைக்காமல் வண்டி வரும் நாள் காலையில் வையுங்கள். மீன், இறைச்சிக் கழிவை அதுவரை உறைபெட்டியில் வைத்திருக்கலாம். கரடியால் திறக்க முடியாத பூட்டுள்ள தொட்டிகள் கிடைக்கின்றன, விலை கூடுதல்தான், ஆனால் பணத்துக்குத் தகுந்தது. கொலராடோவின் டுராங்கோ நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அத்தகைய தொட்டிகளை வீடுகளுக்கு வழங்கிப் பார்த்தபோது, அந்தப் பகுதிகளில் குப்பையால் வரும் கரடித் தொல்லை மற்றப் பகுதிகளைவிட 60 விழுக்காடு குறைந்தது. அந்த ஆய்வில் கவனிக்க வேண்டியது, தெருவில் பெரும்பாலோர் பூட்டினால்தான் பலன் என்பது. அதனால் பக்கத்து வீட்டாரிடமும் பேசுங்கள். கரடியைக் கண்ட செய்தியே பேச்சைத் தொடங்கப் போதுமானது.

நம் வீடுகளுக்கென்றே சில விஷயங்கள் உண்டு, அவற்றை இங்குள்ள அரசுத் துண்டறிக்கைகள் சொல்லாது. கராஜில் அரிசி மூட்டை, எண்ணெய் டின், வெல்லம், இரண்டாவது ஃபிரிட்ஜ் என்று ஒரு சிறு மளிகைக் கடையே வைத்திருப்போம். காற்றுக்காகக் கதவை அரையடி தூக்கி வைத்திருப்போம். கரடி அதைத் தூக்கி உள்ளே வந்துவிடும். டெக்கில் வடாம் காய வைப்பதும், தீபாவளிப் பலகாரம் சுட்ட எண்ணெயை ஆற வைப்பதும் மோப்பத்துக்குத் திறந்த அழைப்பு. அமாவாசையிலும் திதியிலும் காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கத்தைக் கைவிடச் சொல்ல எனக்கு மனமில்லை, நானும் வைக்கிறவன்தான். நண்பகலில் கைப்பிடி அளவு மட்டும் வைத்து, ஒரு மணி நேரம் பார்த்திருந்து, மீந்ததையும் இலையையும் உள்ளே எடுத்துக் கழுவிவிடுகிறேன். கரடிக்கு வேண்டுமென்றே உணவு வைப்பது இந்த மாநிலத்தில் 1,000 டாலர் வரை அபராதம் விதிக்கத்தக்க குற்றம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பறவைத் தீனியை டிசம்பர் முதல் மார்ச் வரை மட்டும் தொங்கவிடலாம். காரின் கதவைப் பூட்டுங்கள். உள்ளே ஒரு பிஸ்கட் பொட்டலம் கிடந்தாலும் கரடி கைப்பிடியை இழுத்துத் திறந்துவிடும், பின்னர் கதவு சாத்திக்கொண்டால் வெளிவரத் தெரியாமல் இருக்கை அனைத்தையும் கிழித்துவிடும்.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் நம் பாதுகாப்பு மட்டுமன்று. மாநில வனவிலங்குத் துறை கரடிகளை நடத்தையின்படி மூன்று வகையாகப் பிரிக்கிறது. காட்டில் தன் போக்கில் திரிவது மூன்றாம் வகை. குப்பையைக் கிளறும் தொல்லைக் கரடி இரண்டாம் வகை, அதை ரப்பர்க் குண்டாலும் ஓசையாலும் விரட்டிப் பழக்குவார்கள். வீட்டுக்குள் புக முயல்வதும் மனிதரைத் தாக்குவதும் முதல் வகை, அதைக் கொன்றுவிடுவார்கள். வேறு காட்டில் கொண்டு விட்டுவிடலாமே என்று தோன்றும். பல மைல் கடந்து திரும்பி வந்துவிடும், அல்லது புதிய இடத்தில் அதே தொல்லையைத் தொடங்கும். என் தெருவில் ஒரு கோடை முழுவதும் திறந்த தொட்டிகளில் தின்று வளர்ந்த இளம் ஆண் கரடி ஒன்று, ஆகஸ்டில் கம்பி வலைக் கதவைக் கிழித்து ஒரு சமையலறைக்குள் நுழைந்தது. மறுநாளே அதன் கதை முடிந்தது. இரண்டு வயதுகூட நிரம்பாத விலங்கு. அந்தத் திறந்த தொட்டிகளில் ஒன்று என்னுடையது என்பதை நான் மறக்கவில்லை.

நீங்கள் ஜூனில் கண்டதும் அப்படிப்பட்ட இளம் கரடியாகவே இருக்கக்கூடும். சனவரியில் குகையில் பிறக்கும் குட்டிகள் ஒன்றரை ஆண்டு தாயோடு இருக்கின்றன. அடுத்த இணைசேரும் பருவமான ஜூனில் தாய் அவற்றை விலக்கிவிட, ஆண் குட்டிகள் புதிய இடம் தேடி அலைகின்றன. அனுபவமில்லாத, பசித்த அந்த வயதில்தான் ஊருக்குள் அதிகம் தென்படுகின்றன. அடுத்த முறை பின்கட்டில் கண்டால், பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொண்டு, சன்னலிலிருந்தோ வாசற்படியிலிருந்தோ பாத்திரத்தைத் தட்டிக் கத்துங்கள். பேசாமல் படமெடுத்துக்கொண்டிருந்தால், இங்கே இருப்பது தவறில்லை என்று அது கற்றுக்கொள்ளும். போக மறுத்தாலோ வீட்டுக்குள் நுழைய முயன்றாலோ 911; மற்றத் தொல்லைகளைத் தெரிவிக்க மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் எண் 1-877-927-6337.

அக்டோபர்ப் பயணத்தைக் கைவிட வேண்டாம். ஸ்டோக்ஸ் வனத்தில் அப்பலேச்சியன் டிரெயில் ஏறிச் செல்லும் சன்ரைஸ் மலை, மேப்பிள் சிவக்கும் அந்த மாதத்தில்தான் பார்க்கத் தக்கது. அதுவே கரடிகள் ஓக் கொட்டைக்காகப் பரபரக்கும் பருவமும் ஆகையால், பொழுது நன்றாக விடிந்த பின் புறப்பட்டு, இருட்டுவதற்கு ஒரு மணி முன்னதாகவே வண்டிக்குத் திரும்புங்கள். இன்னொரு குடும்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புளியோதரையும் முறுக்கும் கொண்டு போகலாம், இறுக்கமான டப்பாவில். ஆரஞ்சுத் தோல் வரை அனைத்தையும் திரும்ப எடுத்து வாருங்கள். உண்ணும்போது கரடி நெருங்கினால் பையை எறிந்துவிட்டு ஓடாதீர்கள், அது அடுத்து வருபவரின் பையையும் கேட்கும். கூடி நின்று கத்தி விரட்டுங்கள்.

போவதற்கு முன் பிள்ளைகளோடு பின்கட்டில் ஒரு பயிற்சி செய்யுங்கள். நீங்கள் ‘கரடி’ என்று சாதாரணக் குரலில் சொன்னதும், அவர்கள் ஓடாமல், கத்தாமல், நடந்து வந்து உங்கள் இருவருக்கும் நடுவே நின்று கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பத்து முறை விளையாட்டாகச் செய்தால் உடம்பில் பதிந்துவிடும். என் மகளுக்கு ஏழு வயதிருக்கும்போது, வவயாண்டா பூங்காவின் பாதை வளைவு ஒன்றில், நாற்பதடி தூரத்தில் ஒரு தாயும் மரத்தில் மூன்று குட்டிகளும் இருக்கக் கண்டோம். நான் அந்தச் சொல்லைச் சொன்னேன். அவள் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். தாய்க் கரடி இருமுறை சீறிவிட்டு மரத்தடியிலேயே நின்றது. நாங்கள் மூவரும் பேசிக்கொண்டே, அது கண்ணிலிருந்து மறையும்வரை பின்னோக்கி நடந்தோம். அன்று மேலே போகவில்லை. அடுத்த வாரம் அதே பாதையில், அவள் முன்னால் ஓடாமல் எங்களோடு நடந்து, அந்த மரத்தை எங்களுக்கு அடையாளம் காட்டினாள்.